ஏசி போட்டால் முள் ஏறுகிறதா? பழைய காரின் சூட்டைத் தேடிப் பிடிக்கும் முறை

"ஏசி போடலைன்னா ஒரு பிரச்சினையும் இல்ல சார், போட்டாத்தான் ஹீட் ஆகுது." பழைய கார் வைத்திருப்பவர்கள் இப்படிச் சொல்லி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன். நான் போன ஷெட்டில் கிடைத்த பதில், "அப்போ ஏசி போடாதீங்க." அதைக் கேட்டு இரண்டு கோடைக்காலம் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டினேன். பின் சீட்டில் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வருவார். கடைசியில் பார்த்தால் கோளாறு ஏசியில் இல்லை. ரேடியேட்டர் ஃபேன் மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோகும் கார்பன் பிரஷ் தேய்ந்து, ஃபேன் பாதி வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சின்ன வேலை, அரை நாளில் முடிந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மாருதி 800, ஜென், பழைய சான்ட்ரோ போல பதினைந்து, இருபது வருடம் ஓடிய சிறிய பெட்ரோல் கார்களை மனதில் வைத்துச் சொல்கிறேன். வேறு வண்டி என்றாலும் தேடும் முறை இதுதான். ஒரு டார்ச், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், தடிமனான துணி, கொதிநீர் வரை அளக்கும் தெர்மாமீட்டர், குறித்துக்கொள்ள ஒரு சின்ன நோட்டு. இவ்வளவு இருந்தால் போதும்.

ஏசிக்கும் எஞ்சின் சூட்டுக்கும் என்ன தொடர்பு

பானட்டைத் திறந்து முன் கிரில்லுக்குப் பின்னால் பாருங்கள். முதலில் மெல்லிய தகடு போல நிற்பது ஏசி கண்டன்சர். அதற்குப் பின்னால், இரண்டு விரல் இடைவெளி விட்டு நிற்பது, எஞ்சினில் சூடேறி வரும் தண்ணீரைக் குளிர்விக்கும் ரேடியேட்டர். காருக்குள் இருந்து ஏசி எடுக்கிற சூடு கண்டன்சர் வழியாகத்தான் வெளியே போகிறது. வெளிக்காற்று முதலில் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு, பிறகுதான் ரேடியேட்டருக்கு வந்து சேர்கிறது. அதாவது ஏசி போட்டவுடன் ரேடியேட்டருக்குக் கிடைப்பது ஏற்கெனவே சூடான காற்று. இன்னொரு பக்கம், ஏசி கேஸை அழுத்தும் கம்ப்ரசரைச் சுற்றுவதற்கும் எஞ்சின்தான் வேலை செய்ய வேண்டும். மாருதி 800 எஞ்சினின் மொத்தச் சக்தியே 37 குதிரைத்திறன். அதில் இரண்டு மூன்றைக் கம்ப்ரசர் எடுத்துக்கொண்டால் அந்தச் சுமை எஞ்சினுக்குத் தெரியத்தான் செய்யும்.

புது வண்டி இதையெல்லாம் தாங்கும்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. மே மாத வெயிலில் ஏசி போட்டு சிக்னலில் நின்றாலும், டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் பாதிக்கு மேல் போகக்கூடாது. பழைய வண்டியில் ரேடியேட்டர் கொஞ்சம் அடைத்து, ஃபேன் கொஞ்சம் தளர்ந்து, மூடியின் ரப்பர் கொஞ்சம் காய்ந்து, இருந்த தாங்குசக்தி எல்லாம் கரைந்துபோயிருக்கும். ஏசி இல்லாமல் ஓட்டும்போது அது தெரியாது. ஏசி போட்டதும் வெளியே வந்துவிடும். "ஏசி போடாதீங்க" என்று சொல்வது அந்தக் கோளாறை அப்படியே விட்டுவைப்பதுதான்.

இப்போதே முள் ஏறிக்கொண்டிருந்தால்

முதலில் ஏசியை அணையுங்கள். அடுத்து ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரை முழு வேகத்தில் திருப்பி, எல்லாக் கண்ணாடியையும் இறக்குங்கள். வெயிலில் இது கொடுமையாக இருக்கும், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். முள் இறங்குகிற மாதிரி தெரிந்தால் மெதுவாக ஓரம் கட்டலாம். சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டால் யோசிக்காதீர்கள், நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். "அந்த பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டிய ஒரு கிலோமீட்டரில்தான் பல வண்டிகளில் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைகிறது. ஹெட் அலுமினியம், சூட்டில் சீக்கிரம் கோணும்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த அந்த நொடியில் அழுத்தம் போய், மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோஸை (ரேடியேட்டரின் மேல்பக்கத்தை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் குழாய்) துணியோடு அமுக்கிப் பார்த்து, சூடில்லாமல் மெத்தென்று இருந்தால் மட்டும் மூடியைத் தொடுங்கள். சூடான எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம்.

எப்போது ஏறுகிறது?

ஸ்பேனர் எடுப்பதற்கு முன்னால், இந்த ஒரு கேள்விக்கு ஒரு வாரம் பதில் எழுதுங்கள். மணி, வெயில், ஏசி போட்டதா, வண்டி நின்றதா ஓடியதா, முள் எங்கே இருந்தது. பாதி கோளாறு இந்த நோட்டிலேயே பிடிபட்டுவிடும்.

சிக்னலிலும் நெரிசலிலும் ஏறி, சாலை காலியாகி 50, 60 கிலோமீட்டர் வேகம் எடுத்ததும் இறங்கினால், குறை காற்றில். ஓடும்போது காற்று தானாக வருகிறது, நிற்கும்போது ஃபேன் மட்டும்தான் துணை. ஆகவே ஃபேன், அதற்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே, கண்டன்சர் அழுக்கு என்று தேடுங்கள்.

நெரிசலில் பரவாயில்லை, பைபாஸில் 90ல் போனாலோ ஏற்காடு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினாலோதான் சூடாகிறது என்றால், குறை தண்ணீர் ஓட்டத்தில். அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட் (சூடேறினால் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு), உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள்.

எப்போதும் ஏறுகிறது, ஏசி போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்றால், தண்ணீர் குறைவு, மூடிய நிலையில் சிக்கிய தெர்மோஸ்டாட், ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) என்று போக வேண்டும்.

இன்னொரு அடையாளம் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. சிக்னலில் நிற்கும்போது ஏசி காற்று வெதுவெதுப்பாகி, வண்டி நகர்ந்ததும் மறுபடி சில்லென்று வருகிறதா? அப்படியானால் கண்டன்சருக்கும் காற்று போதவில்லை. முள்ளும் ஏறி இதுவும் நடந்தால், பத்துக்கு ஒன்பது முறை ஃபேன் பக்கம்தான் கோளாறு. என் வண்டி இதை இரண்டு வருடம் சொல்லிக்கொண்டே இருந்தது. நான்தான் "கேஸ் குறைஞ்சிருக்கும்" என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது

இரவு முழுக்க நின்ற வண்டியில் மூடியைத் திறந்து, ரேடியேட்டர் கழுத்து வரை தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து பிளாஸ்டிக் டப்பாவில் மட்டம் சரியாக இருப்பதை நம்பி விட்டுவிடாதீர்கள். மூடி கெட்டிருந்தால் டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். விரலில் தொட்டுப் பாருங்கள். பச்சை, சிவப்பு, நீலம் எதுவானாலும் தெளிவாக இருந்தால் நல்லது. செங்கல் கரைத்த நிறத்தில் இருந்தால் உள்ளே துரு. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் விஷயம் பெரிது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூடியையும் திருப்பிப் பாருங்கள். அதன் மேலேயே 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும். எத்தனை பார் அழுத்தம் தாங்கும் என்ற கணக்கு அது. ரப்பர் வளையம் விரிசல் விட்டிருந்தாலோ, ஸ்பிரிங் தொளதொளவென்று இருந்தாலோ, அதே எண் உள்ள புது மூடி வாங்குங்கள். 0.9 பார் அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. மூடி அழுத்தத்தை விட்டுவிட்டால் 100லேயே கொதித்து டப்பா வழியாக வெளியே தள்ளிவிடும். விலை மலிவான பொருள் என்பதால் சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுவது என் வழக்கம்.

ஃபேன்: இங்கே நேரம் செலவிடுங்கள்

எஞ்சினை ஓடவிட்டு ஏசி போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் கம்ப்ரசர் 'டக்' என்று பிடித்த சில நொடிகளில் ஃபேன் சுற்ற வேண்டும். சில வண்டிகளில் ரேடியேட்டருக்கு ஒன்று, கண்டன்சருக்கு ஒன்று என இரண்டு ஃபேன் இருக்கும். இரண்டும் சுற்றுகின்றனவா என்று தனித்தனியாகப் பாருங்கள். ஒன்று செத்துப்போய் மற்றது சுற்றிக்கொண்டிருந்தால் சத்தத்தை வைத்து ஏமாந்துவிடுவோம். பிறகு ஏசியை அணைத்துவிட்டு, எஞ்சினை ஐடிலில் விட்டுக் காத்திருங்கள். முள் பாதியைக் கொஞ்சம் தாண்டும்போது ஃபேன் தானாக ஓடி, சூடு குறைந்ததும் நிற்க வேண்டும்.

கை, துப்பட்டா, சட்டைக் கை எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். எஞ்சின் அணைந்திருந்தாலும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று ஓடும். தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள்.

சுற்றவே இல்லை என்றால் வரிசையாகப் போங்கள். முதலில் ஃப்யூஸ். அடுத்து ரிலே. அதே அளவு, அதே எண் உள்ள ஹாரன் ரிலேயைக் கழற்றி ஃபேன் இடத்தில் செருகிப் பாருங்கள், ஓடினால் ரிலேதான் குற்றவாளி. அதற்கும் ஓடவில்லையென்றால் மோட்டாரின் சாக்கெட்டைப் பிரித்து, பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. நேராகக் கொடுத்தால் ஓடுகிறது, வண்டியில் மாட்டினால் ஓடவில்லை என்றால் வயரிங்கிலோ, சூடேறினால் ஃபேனை ஓடவிடும் தெர்மோ சுவிட்சிலோ குறை. இரண்டு வயர் மட்டும் உள்ள பழைய மாதிரித் தெர்மோ சுவிட்சாக இருந்தால், இக்னிஷனை ஆன் செய்து, சாக்கெட்டில் அந்த இரண்டு வயரையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். ஃபேன் ஓடினால் சுவிட்ச்தான் கெட்டிருக்கிறது.

ஃபேன் சுற்றுகிறது, ஆனாலும் சூடாகிறது என்ற நிலைதான் ஏமாற்றும். நான் போன ஷெட்டிலும் "ஃபேன் ஓடுது சார்" என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். ஒரு முழுத்தாளை எடுத்து கிரில் பக்கமாகக் கண்டன்சர் மேல் வையுங்கள். ஃபேன் பின்னால் இருந்து இழுக்கிற அமைப்பானால், கையை எடுத்ததும் தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். என் வண்டியில் அது ஒரு நொடி யோசித்துவிட்டு வழுக்கி விழுந்தது. கழற்றிப் பார்த்தபோது பிரஷ் இரண்டும் கடலைப் பருப்பு அளவுக்குத் தேய்ந்திருந்தன. தாள் ஒட்டாமல் எதிர்ப்பக்கம் பறந்தால் இன்னொரு காரணம் உண்டு: மோட்டார் மாற்றியவர் வயரைத் தலைகீழாகக் கொடுத்து, ஃபேன் எதிர்த்திசையில் சுற்றுகிறது. அப்போது ஓடுகிற வண்டியில் வருகிற காற்றையும் அது தடுக்கும்.

ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூண்டு உடைந்தோ காணாமலோ இருந்தால் அதையும் வாங்கிப் போடுங்கள். கூண்டு இல்லாத ஃபேன், ரேடியேட்டரின் நடுவட்டத்தில் மட்டும்தான் காற்றை இழுக்கும்.

ஒரு வேண்டுகோள். "எப்பவும் ஓடட்டும்" என்று ஃபேனை இக்னிஷனோடு நேரடியாக இணைத்துத் தருவார்கள். அவசரத்துக்கு ஊர் போய்ச் சேர அது உதவும். நிரந்தரமாக விட்டால் மோட்டார் சீக்கிரம் தேயும், அது நின்றுபோன நாள் உங்களுக்குத் தெரியாது.

இரண்டு விரல் இடைவெளியில்

கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மேலிருந்து டார்ச் அடியுங்கள். வேப்பிலைச் சருகு, பஞ்சு, பூச்சி, சாலைத் தூசி எல்லாம் சேர்ந்து கம்பளி போல ஒரு படலம் இருக்கும். வெளியே இருந்து பார்த்தால் கண்டன்சர் பளிச்சென்று தெரியும், இது தெரியாது. வாட்டர் வாஷ் கொடுப்பவர்கள் முன்பக்கத்திலிருந்து பிரஷரோடு அடிப்பதால் அழுக்கு இன்னும் உள்ளே போய் இறுகும், தகடுகளும் மடங்கும்.

சரியான முறை, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண தோட்டத்து ஹோஸ் பைப்பில் மெதுவான தண்ணீர். ரேடியேட்டரின் மேல் போல்ட்டுகளைத் தளர்த்திக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் இடைவெளிக்குள் நேராகவே தண்ணீர் விடலாம். வழிகிற தண்ணீர் தெளிவாகும் வரை விடுங்கள். வேறு எதையும் மாற்றாமல் இது ஒன்றிலேயே சரியான வண்டிகள் உண்டு.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போடாதீர்கள்

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டிருங்கள். சில நிமிடம் குளிர்ச்சியாகவே இருந்து, முள் பாதியை நெருங்கும்போது சட்டென்று சூடேற வேண்டும். அதுதான் தெர்மோஸ்டாட் திறக்கும் தருணம். முள் மேலே போன பிறகும் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் அது திறக்கவில்லை.

கழற்றி வீட்டு அடுப்பிலேயே சோதிக்கலாம். பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள், பக்கத்தில் தெர்மாமீட்டர். அதன் மேல் 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும். ஏறக்குறைய அந்தச் சூட்டில் வால்வு விலகத் தொடங்கி, இன்னும் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் அதே எண்ணில் புதிது.

நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை என்று சொல்லிக் கழற்றி எறிவது பல ஷெட்டுகளில் வழக்கம். இதை நான் ஏற்க மாட்டேன். எஞ்சின் உரிய சூட்டுக்கு வரத் தாமதமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், உள்ளே தேய்மானம் ஏறும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் பைபாஸ் வழி மூடும். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும், சூடு கூடத்தான் செய்யும்.

போர் தண்ணீர் செய்கிற வேலை

வீட்டில் ஹீட்டர் காயில் மேல் வெள்ளையாகப் படியும் உப்பைப் பார்த்திருப்பீர்கள். வருடக்கணக்காகப் போர் தண்ணீர் குடித்த ரேடியேட்டரின் குழாய்களுக்குள்ளும் அதே உப்புதான் இருக்கிறது. கழுத்துக்குள் டார்ச் அடித்தால் குழாய் வாயில் வெள்ளைப் பொருக்குத் தெரியும். வண்டியைச் சூடாக ஓட்டிவிட்டு, அணைத்து, பேட்டரி வயரைக் கழற்றி, ரேடியேட்டர் முகத்தைக் கவனமாகக் கையால் தடவிப் பார்க்கலாம். நடுநடுவே குளிர்ந்த திட்டுகள் இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை.

பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டராக இருந்தால் ரேடியேட்டர் கடையில் தொட்டியைப் பிரித்துக் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்வார்கள். பக்கத்தில் பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரில் இந்த வேலை சரிவராது, புதிது போடுவதுதான் மலிவு. ஒழுகலை அடைக்கும் பொடியை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். ஓட்டையோடு சேர்த்து மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் அடைத்துவிடும்.

வாட்டர் பம்பைப் பொறுத்தவரை, அடியில் உள்ள சிறு துளையில் காய்ந்த கூலண்ட் (ரேடியேட்டரில் ஊற்றும் நிறத் திரவம்) கறை, புல்லியை ஆட்டினால் ஆட்டம், கரகர சத்தம் ஆகிய மூன்றையும் பாருங்கள். பம்பைச் சுற்றும் பெல்ட் தளர்ந்து வழுக்கினாலும் சூடாகும். கீழ் ஹோஸை ஒருவர் எஞ்சினை முடுக்கும்போது இன்னொருவர் பார்க்க வேண்டும். அது சப்பென்று ஒட்டினால் மாற்ற வேண்டியதுதான்.

ஏசியே காரணமாக இருந்தால்

ஃபேன், அழுக்கு, தண்ணீர் எல்லாம் சரியாக இருந்தும் ஏசி போட்டால் மட்டும் ஏறினால், இப்போது ஏசி மெக்கானிக்கிடம் போகலாம். கேஸை அளவுக்கு மேல் ஏற்றியிருந்தால் கண்டன்சர் அழுத்தமும் சூடும் ஏறி, கம்ப்ரசர் எஞ்சினை இழுக்கும். "கேஸ் போடுங்க" என்று கேட்காதீர்கள். "கேஜ் மாட்டிப் பாருங்க" என்று கேளுங்கள். பானட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும், அந்த எடைக்குத்தான் நிரப்ப வேண்டும்.

ஹெட் கேஸ்கெட் அடையாளங்கள்

வெளியே எங்கும் ஒழுகாமல் தண்ணீர் குறைகிறது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் போல இறுகுகிறது. மூடியில்லாமல் ஓடவிட்டால் கழுத்தில் விடாமல் குமிழி வருகிறது. ஆயில் மூடியின் உள்பக்கம் பால் காபி நிறத்தில் கொழகொழவென்று இருக்கிறது. சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை. இவற்றில் இரண்டு சேர்ந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள். ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடவிடாமல், ஹெட்டை லேத்துக்கு அனுப்பி மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். கோணிய ஹெட்டில் புது கேஸ்கெட்டும் நிற்காது.

திரும்ப நிரப்பி, சோதித்து

கூலண்டைக் கலந்தே விற்பதும் உண்டு, கலக்க வேண்டியதும் உண்டு. கலப்பதற்கு பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டர்தான், பாதிக்குப் பாதி. மீதிக் கூலண்டைக் குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். இனிப்பாக இருக்கும், ஆனால் கொடிய விஷம்.

வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். மூடி போடாமல் ஐடிலில் விட்டு மேல் ஹோஸை லேசாக அமுக்கினால் உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வரும். குமிழி நின்று மட்டம் இறங்கியதும் மறுபடி நிரப்பி மூடியைப் போடுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை பாருங்கள். மறுநாள் காலை இன்னொரு முறை மட்டம் பார்க்க வேண்டும், கொஞ்சம் இறங்கியிருப்பது சகஜம்.

கடைசிச் சோதனை மத்தியான வெயிலில். நிழலில்லாத இடத்தில் நிறுத்தி, ஏசி முழு வேகத்தில், எஞ்சின் ஐடிலில், இருபது நிமிடம். நான் பிரஷ் மாற்றிய அன்று மொட்டை வெயிலில் தெருமுனையில் இதைச் செய்தேன். ஏசி காற்று கடைசி வரை சில்லென்றே வந்தது. முள் பாதிக்கு ஒரு நூல் கீழேயே நின்றது. இருபத்தைந்தாவது நிமிடம் அம்மாவைக் கூப்பிட்டு முன் சீட்டில் உட்காரச் சொன்னேன்.